சீரான துடிப்பு மீண்டும் சிதறுவதேன்?

முன்னுரை

இதயம் தன் கடமையை நமக்கு உணர்த்தாமலே செய்து முடிக்கும் உறுப்பு. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை அது சுருங்கி விரிகின்றது. ஆயினும் அதனை நாம் நினைப்பதில்லை. அதன் தாளம் பிறழும்போதுதான் நெஞ்சினுள் ஒன்று இயங்கிக்கொண்டிருக்கிறது என்னும் உணர்வே பலருக்கு எழுகின்றது. அவ்வாறு தாளம் பிறழும் நோய்களுள், முதியோரிடையே மிகுதியாகக் காணப்படுவது மருத்துவர்கள் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று குறிப்பிடும் நோயாகும். ஏட்ரியம் என்பது இதயத்தின் மேலறை. ஃபிப்ரிலேஷன் என்பது தசை முழுதும் ஒருசேரச் சுருங்காமல் இழை இழையாகத் தனித்தனியே நடுங்குதல். எனவே இந்நோயை 'மேலறை நடுக்கம்' என்னும் பெயரால் இக்கட்டுரையில் வழங்குவோம்.

இந்நோய்க்கு மருந்து உண்டு. மின்னதிர்ச்சி முறை உண்டு. நரம்பூசி போன்ற மெல்லிய குழாயை இதயத்தினுள் செலுத்திச் செய்யும் சிகிச்சையும் உண்டு. ஆயினும் துடிப்பு சீராகி மகிழ்ச்சியுடன் வீடு திரும்பிய நோயாளர் சிலர், சில திங்களிலோ சில ஆண்டுகளிலோ அதே படபடப்புடன் மீண்டும் மருத்துவமனை வாயிலில் வந்து நிற்பதைக் காண்கிறோம். 'செய்த செலவெல்லாம் வீணோ? சிகிச்சையில் ஏதும் பிழையோ?' என்று குடும்பத்தார் கலங்குகின்றனர். மற்றொரு சாரார், துடிப்பு சீரானவுடனே நோய் அறவே ஒழிந்ததென்று கருதி, எழுதிக் கொடுத்த மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். முன்னது மனத்தளர்ச்சியைத் தருவது. பின்னது உயிருக்கே ஊறு விளைவிப்பது. இவ்விரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: இந்நோய் மீள்வதன் இயல்பை அறியாமை. அவ்வியல்பை மாணவர்க்கும் இல்லத்துப் பெரியோர்க்கும் விளங்குமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துடிப்பின் ஆட்சிமுறை

இதயத்திற்கு நான்கு அறைகள். மேலறை இரண்டும் குருதியை வாங்கிக் கீழறைகளுக்கு அனுப்புகின்றன. கீழறை இரண்டும் அதனை நுரையீரலுக்கும் உடலுக்கும் செலுத்துகின்றன. இவ்வியக்கத்தைத் தொடங்கி வைப்பது வலது மேலறையின் மேற்பகுதியில் அமைந்த ஒரு சிறு திசுத்தொகுதி. சைனஸ் கணு எனப்படும் இதனை 1907ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர் கண்டறிந்தனர். ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை அங்கு மின்னலை எழுகின்றது. அது மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் இடையேயுள்ள மற்றொரு கணுவை அடைகின்றது. இந்த இடைக்கணுவின் அமைப்பை அதற்கு முந்தைய ஆண்டில், 1906இல், ஜெர்மனியில் ஆய்வு மேற்கொண்டிருந்த ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா விளக்கியிருந்தார். இடைக்கணு அலையைச் சிறிது தாமதப்படுத்திக் கீழறைகளுக்கு அனுப்புகின்றது. மேலறை சுருங்கிக் குருதியைக் கொடுத்து முடித்த பின்னரே கீழறை சுருங்க வேண்டும் என்பதற்காகவே இத்தாமதம்.

மேலறை நடுக்கத்தில் இவ்வாட்சி குலைகின்றது. ஒரே இடத்திலிருந்து ஒழுங்காக எழ வேண்டிய அலைக்கு மாறாக, மேலறைத் தசையெங்கும் சிறு சிறு அலைகள் எழுந்து ஒன்றோடொன்று மோதிச் சுழல்கின்றன. நிமிடத்திற்கு 350 முதல் 600 வரை இவ்வலைகள் எழக்கூடும். அவையனைத்தும் கீழறைக்குச் சென்றால் உயிர் தரிக்காது. இடைக்கணு காவலனாக நின்று பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றது. தப்பிச் செல்பவை எந்த ஒழுங்கும் இன்றிக் கீழறையை அடைவதால், நாடி வேகமாகவும் தாறுமாறாகவும் அடிக்கின்றது.

இத்தகைய நாடியை மருத்துவர்கள் நெடுங்காலம் விரல் நுனியால் அறிந்திருந்தனர். 11ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா தம் 'அல்-கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் நாடிக்கெனத் தனிப்பகுதி வகுத்து, ஒழுங்கற்ற நாடியிலும் ஒரு முறைமை உடையது, எம்முறைமையும் இல்லாதது என இருவகை கண்டார். ஆயினும் அந்த முறைமையின்மையின் மூலம் எங்குள்ளது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் புலனாயிற்று. ஜாவாத் தீவில் பிறந்த டச்சு அறிஞர் வில்லெம் ஐந்தோவன் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் கருவியை அமைத்தார். இன்று நாம் இ.சி.ஜி. என வழங்குவதன் முன்னோடி அதுவே. அதற்காக 1924ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அக்கருவியின் துணைகொண்டு 1909இல் லண்டனில் தாமஸ் லூயிஸும், வியன்னாவில் ரோட்பெர்கர், வின்டர்பெர்க் ஆகியோரும், தாறுமாறான நாடிக்கு மேலறையின் நடுக்கமே காரணம் என்று நிறுவினர்.

நடுக்கத்தால் விளையும் தீங்கு

படபடப்பு, மூச்சிரைப்பு, அயர்வு, தலைசுற்றல் ஆகியன இந்நோயின் அறிகுறிகள். ஆயினும் அறிகுறி எதுவுமே இல்லாதவரும் பலர் உளர். நோயின் பெருந்தீங்கு இவ்வறிகுறிகளில் இல்லை. அது வேறோரிடத்தில் ஒளிந்திருக்கின்றது.

இடது மேலறையின் பக்கவாட்டில் காதுமடல் போன்ற ஒரு சிறு பை உண்டு. மேலறை ஒழுங்காகச் சுருங்கும்போது அப்பையிலுள்ள குருதியும் வெளியேறிவிடும். மேலறை வெறுமனே நடுங்கும்போது அங்குக் குருதி தேங்குகின்றது. ஓடும் நீர் தெளிந்திருக்கும். தேங்கும் நீரில் பாசி படரும். அதுபோலத் தேங்கிய குருதி உறைந்து கட்டியாகின்றது. அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் விளைவது பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் பல்லாண்டுகள் நடைபெற்ற மக்கள் நலஆய்வின் 1991ஆம் ஆண்டு வெளியீடு, மேலறை நடுக்கம் உடையோர்க்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவரைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதி எனக் காட்டிற்று. எனவே இந்நோய்க்கான சிகிச்சையில் இரண்டு தனித்தனிக் குறிக்கோள்கள் உண்டு என்பதை முதற்கண் மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, துடிப்பைச் சீராக்குதல் அல்லது அதன் வேகத்தையேனும் மட்டுப்படுத்துதல். மற்றொன்று, குருதி உறையாமற் காத்தல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பல துன்பங்களின் தொடக்கம்.

சீராக்கும் வழிகள்

துடிப்பைச் சீராக்கும் முயற்சியின் வரலாறு சுவையானது. 1912ஆம் ஆண்டில் டச்சு வணிகர் ஒருவர் வெங்கெபாக் என்னும் மருத்துவரிடம் வந்தார். கீழை நாடுகளில் மலேரியாக் காய்ச்சலுக்காக உண்டு பழகிய கொய்னாவைத் தாம் உட்கொண்டால் தாறுமாறான நாடி அடங்கிவிடுகிறது என்றார். மருத்துவர் நம்பவில்லை. வணிகர் மறுநாள் சீரான நாடியுடன் வந்து காட்டினார். இதனை வெங்கெபாக் 1914இல் எழுதி வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து 1918இல் கொய்னாவின் உடன்பிறப்பான குயினிடின் இதைவிட ஆற்றலுடையது எனக் கண்டறியப்பட்டது. இன்று அமியோடரோன், ஃபிளெகெய்னைட், சோட்டலால் போன்ற மருந்துகள் அதனிடத்தைப் பெற்றுள்ளன. இம்மருந்துகள் அலையைத் தணிக்குமேயன்றி அலை எழும் மூலத்தை அழிப்பதில்லை என்பது நோக்கத்தக்கது.

இரண்டாவது வழி மின்னதிர்ச்சி. 1962இல் அமெரிக்க மருத்துவர் பெர்னார்டு லௌன், இதயத் துடிப்பின் உரிய கணத்தோடு பொருந்துமாறு நேர்மின்னோட்டத்தைச் செலுத்தும் முறையை அறிமுகம் செய்தார். நோயாளருக்குச் சிறிது நேரம் மயக்கம் கொடுத்து மார்பின் மீது மின்னதிர்ச்சி தரப்படும். சிதறிய அலைகள் அனைத்தும் ஒரு கணம் அடங்க, சைனஸ் கணு தன் ஆட்சியை மீண்டும் ஏற்கின்றது. கூச்சலிடும் வகுப்பில் ஆசிரியர் மேசையைத் தட்டியவுடன் அமைதி திரும்புவதை ஒப்பது இது. ஆனால், கூச்சலுக்கான காரணம் வகுப்பிலேயே இருக்குமாயின் அவ்வமைதி நீடிப்பதில்லை. துணைமருந்து இன்றி மின்னதிர்ச்சி மட்டும் பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு ஓராண்டிற்குள் நடுக்கம் திரும்பிவிடுகின்றது.

மூன்றாவது வழி 'அப்லேஷன்' எனப்படும் தழும்பிடு சிகிச்சை. இதற்கு வழிகாட்டியது பிரான்சு நாட்டு போர்தோ நகர மருத்துவர் மிஷேல் ஐசகேரும் அவர்தம் குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு. நடுக்கம் விட்டுவிட்டு வரும் 45 நோயாளரை அவர்கள் ஆராய்ந்தனர். நடுக்கத்தைத் தூண்டும் அலைகளில் 94 விழுக்காடு, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்குக் குருதியைக் கொண்டுவரும் சிரைகளின் உட்புறத்திலிருந்தே எழுகின்றன எனக் கண்டனர். நோயின் மூலம் இதய அறைக்குள் இல்லை. அறையின் வாயில்களில் உள்ளது. அன்று முதல், தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அவ்வாயில்களைச் சுற்றி வளையமாகத் தழும்பிடும் முறை வளர்ந்தது. தழும்பின் வழியே மின்னலை பாயாது. ஆகவே சிரைக்குள் எழும் கலகம் மேலறைக்குள் நுழைவதில்லை. ரேடியோ அலையின் வெப்பத்தாலும், பலூன் வழியே தரும் கடுங்குளிராலும் இத்தழும்பு இடப்பெறுகின்றது. அண்மையில் நுண்ணிய மின்துடிப்பால் தசையணுக்களை மட்டும் அழிக்கும் முறையும் வந்துள்ளது.

மீள்வதற்கான காரணங்கள்

இத்துணை முறைகள் இருந்தும் நடுக்கம் ஏன் மீள்கின்றது? காரணங்களை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, வேலியில் விழும் இடைவெளி. தழும்பு இடும் நாளில் அவ்விடத்துத் தசை முழுதும் அழிந்ததுபோல் தோன்றும். அலை அதனைக் கடப்பதில்லை என்று சோதித்து உறுதி செய்த பின்னரே சிகிச்சையை முடிப்பர். ஆயினும் தசையிற் சில பகுதிகள் உண்மையில் அழிந்திரா. வீக்கத்தால் தற்காலிகமாகச் செயலற்றிருக்கும். வாரங்கள் கடந்து வீக்கம் வடிந்தபின் அவை உயிர்ப்புறுகின்றன. ஆடு புகுவதற்கு வேலி முழுதும் விழ வேண்டியதில்லை. ஒரு முள் விலகினால் போதும். அதுபோல, வளையத்தில் ஒரு சிறு இடைவெளி தோன்றினும் சிரையின் அலை மீண்டும் மேலறைக்குள் புகுந்துவிடும். மேலும் ஆழமாகச் சுடலாமே எனின், மேலறைச் சுவர் சில மில்லிமீட்டர் கனமே உடையது. அதனை ஒட்டியே உணவுக்குழலும், மூச்சுத்தசையை இயக்கும் நரம்பும் செல்கின்றன. மிகையாகச் சுட்டால் அவை கெடும். ஆகவே மருத்துவர் இரண்டு தீங்குகளுக்கு இடையே நடந்தாக வேண்டும். இதனைச் சிகிச்சையின் பிழையென்று கொள்வதினும், சிகிச்சையின் எல்லையென்று கொள்வதே பொருந்தும்.

இரண்டாவது, மேலறையே மாறிப்போதல். நெதர்லாந்து நாட்டில் அலெசி என்னும் அறிஞரின் குழுவினர் 1995இல் வெள்ளாடுகளைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினர். கருவியின் துணையால் ஆடுகளின் மேலறையில் நடுக்கத்தைத் தொடர்ந்து தூண்டினர். தொடக்கத்தில் தூண்டிய நடுக்கம் சில நொடிகளில் தானே அடங்கிற்று. நாள்கள் செல்லச் செல்ல அது நீண்டது. ஓரிரு வாரங்களில் பெரும்பாலான ஆடுகளில் ஒருநாள் கடந்தும் அடங்காமல் நிலைத்துவிட்டது. நடுக்கமே மேலும் நடுக்கத்தை வளர்க்கின்றது என்னும் உண்மை இதனால் புலனாயிற்று. ஒற்றையடிப் பாதை நடக்க நடக்கத் தடமாகி, தடம் சாலையாவதைப் போன்றது இது. நாளடைவில் மேலறை விரிந்து, தசையிடையே நார்த்திசு படர்கின்றது. அந்நிலையில் சிரைவாயில்களை மட்டும் அடைத்துப் பயனில்லை. மேலறையின் வேறு பகுதிகளிலிருந்தும் அலைகள் எழுகின்றன. விட்டுவிட்டு வந்து ஏழு நாளுக்குள் அடங்கும் நடுக்கத்தைக் காட்டிலும், ஓராண்டுக்கு மேல் நிலைத்துவிட்ட நடுக்கத்தில் மீளும் வாய்ப்பு மிகுதியாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அப்படியாயின் மேலறை முழுதும் கோடு கோடாகத் தழும்பிட்டால் என்ன என்று எண்ணிப் பார்த்தனர். 589 நோயாளரைக் கொண்டு நிகழ்த்தி 2015இல் வெளியான ஆய்வு, அவ்வாறு மிகையாகத் தழும்பிட்டதால் கூடுதல் பயன் இல்லை என்று காட்டிற்று.

மூன்றாவது, நோய்க்கு நீரூற்றும் வேர்கள் களையப்படாமை. மிகைக் குருதியழுத்தம், உடற்பருமன், நீரிழிவு, உறக்கத்தில் மூச்சு தடைப்படுதல், தைராய்டுச் சுரப்பியின் மிகை, மது, வால்வுக் கோளாறு ஆகியன மேலறையை இடைவிடாது வருத்துகின்றன. இவை நீடிக்கும்வரை நடுக்கம் திரும்பும் வழியும் திறந்தே இருக்கும். இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1991ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மூத்த ஜார்ஜ் புஷ் மெல்லோட்டப் பயிற்சியின்போது மூச்சிரைப்புற்றார். மேலறை நடுக்கம் எனத் தெரிந்தது. மருந்துகளால் துடிப்பைச் சீராக்கியதோடு மருத்துவர்கள் நின்றுவிடவில்லை. ஏன் வந்தது என்று ஆராய்ந்தனர். தைராய்டுச் சுரப்பி மிகையாக இயங்கும் 'கிரேவ்ஸ்' நோயே மூலம் எனக் கண்டு, அதற்குரிய கதிரியக்க அயோடின் சிகிச்சையை அளித்தனர். துடிப்பைச் சீராக்குதல் கிளையை வெட்டுவது. மூலத்தைக் களைதல் வேரைப் பறிப்பது.

மீளும் காலமும் அதன் அளவும்

சிகிச்சைக்குப் பின் எழும் எல்லாத் துடிப்புப் பிறழ்வும் நோயின் மீட்சி ஆகாது. தழும்பிட்ட இடம் புதுப்புண்ணாக இருக்கும் காலத்தில், அழற்சியின் காரணமாகவே நடுக்கம் சில நாள் தோன்றி மறைவதுண்டு. ஆகவே முதல் மூன்று திங்களில் நேர்வதைக் கணக்கிற்கொள்ளாமல் விடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2024இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி இக்காலத்தை எட்டு வாரமாகக் குறைத்தனர். இக்காலத்தில் படபடப்பு தோன்றினால் மனம் உடைய வேண்டியதில்லை. மருத்துவரிடம் தெரிவித்தால் போதும்.

இனி, 'மீண்டது' என்பதன் அளவுகோலையும் அறிதல் வேண்டும். ஆய்வுகளில் 30 நொடி நேரம் நடுக்கம் பதிவானாலே அதனை மீட்சி எனக் குறிப்பர். ஆண்டு முழுதும் சீராகத் துடித்து அரை நிமிடம் மட்டும் பிறழ்ந்தவரும், நாள்தோறும் பல மணி நேரம் அல்லலுறுபவரும் இக்கணக்கில் ஒன்றே. இதன் விளைவை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டுகின்றது. கனடாவில் 303 நோயாளரின் தோலடியில் இடைவிடாது பதியும் நுண்கருவியைப் பொருத்தினர். ஒரு பிரிவினர்க்கு முதற் சிகிச்சையாகவே குளிர்முறைத் தழும்பும், மறு பிரிவினர்க்கு மருந்தும் அளித்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் மருந்து பெற்றோரில் 67.8 விழுக்காட்டினர்க்கும், தழும்பிடு சிகிச்சை பெற்றோரில் 42.9 விழுக்காட்டினர்க்கும் மீட்சி பதிவாயிற்று. நூற்றுக்கு நாற்பத்து மூவர் என்பது நம்மைத் திகைக்க வைக்கும். ஆனால் நோயாளர் உணருமாறு அறிகுறியுடன் மீண்டது சிகிச்சை பெற்றோரில் 11 விழுக்காட்டினர்க்கே; மருந்து பெற்றோரில் அது 26.2 விழுக்காடு. எனவே 'மீண்டதா?' என்று மட்டும் வினவாமல், 'எவ்வளவு நேரம் மீண்டது? முன்னைவிடக் குறைந்துள்ளதா?' எனவும் வினவுதல் அறிவுடைமை. ஒருமுறை சிகிச்சை பெற்றுச் சிறிதளவு மீண்டவர், தோற்றவர் ஆகார். இடைவெளி விழுந்த இடத்தைக் கண்டு மறுமுறை தழும்பிடுவதும் வழக்கில் உள்ளதே.

அதே எண்கள் நமக்கு மற்றோர் எச்சரிக்கையையும் தருகின்றன. கருவியில் பதிவான மீட்சி மிகுதி. நோயாளர் உணர்ந்தது குறைவு. அஃதாவது, நடுக்கம் ஓசையின்றியும் திரும்பும். 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எனவே ஒன்றும் இல்லை' என்னும் முடிபு இந்நோயில் பொருந்தாது.

மாத்திரையை நிறுத்தலாமா?

இவ்வினாவே இக்கட்டுரையின் உயிர்நிலை. துடிப்பு சீரான பின்பு, குருதி உறைதலைத் தடுக்கும் மாத்திரை எதற்கு என்று பலரும் எண்ணுகின்றனர். இதற்கு விடையளித்தது அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,060 நோயாளரைக் கொண்டு நிகழ்த்தப்பெற்று 2002இல் வெளியான ஆய்வு. ஒரு பிரிவினர்க்குத் துடிப்பை மருந்தால் சீராக்க முயன்றனர். மறு பிரிவினர்க்கு நடுக்கத்தை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் குறைத்தனர். இரு பிரிவினரின் வாழ்நாளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. அதனினும் இன்றியமையாத செய்தி ஒன்று அதில் உண்டு. இரு பிரிவிலும் பக்கவாதம் உற்றவர்களில் பெரும்பாலோர், உறைதடுப்பு மருந்தாகிய வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது அதனைப் போதிய அளவில் உட்கொள்ளாதவர்கள். துடிப்பு சீராகத் தோன்றியது அவர்களைக் காக்கவில்லை.

மின்னதிர்ச்சி பெறுவோர்க்குச் சிகிச்சைக்கு முன் மூன்று வாரமும், பின் குறைந்தது நான்கு வாரமும் உறைதடுப்பு மருந்து தருவது ஏன் என்பதும் இங்குக் கருதத்தக்கது. மின்னோட்டம் சீரானவுடன் மேலறைத் தசை உடனே வலுப்பெறுவதில்லை. சில வாரங்கள் அது மரத்துக் கிடக்கும். குருதி அதுவரை தேங்கும். தழும்பிடு சிகிச்சைக்குப் பின்னும் குறைந்தது இரண்டு மூன்று திங்கள் அனைவரும் இம்மருந்தைத் தொடர வேண்டும்.

அதன்பின் தொடர்வதா, நிறுத்துவதா என்பதைத் துடிப்பின் நிலையை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. இதயத் தளர்ச்சி, மிகைக் குருதியழுத்தம், முதுமை, நீரிழிவு, முன்னர் வந்த பக்கவாதம், குருதிக்குழாய் நோய் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, அதன் கூட்டுத்தொகையைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்வர். 75 அகவை கடந்ததற்கும் முன்னர் வந்த பக்கவாதத்திற்கும் இரட்டை மதிப்பெண். தழும்பிடு சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்கு மேலாக மீட்சியின்றி இருப்போரில் தக்கவரைத் தேர்ந்து, மருந்தை நிறுத்தலாமா என ஆராய்ந்து 2025இல் தென்கொரியாவிலிருந்து வெளியான ஆய்வு நம்பிக்கை தருவதாக உள்ளது. எனினும் அது மருத்துவரின் கண்காணிப்பில், கணக்கிட்டு எடுக்கும் முடிவு. நோயாளர் தாமே எடுக்கும் முடிவுக்கு அதனைச் சான்றாக்கலாகாது.

நம் நாட்டிற்குரிய ஒரு கவலை

மேலை நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் முதுமையோடு வருவது. நம் நாட்டில் இளையோரிடத்தும் இதனைக் காண்பதற்கு வேறொரு காரணம் உண்டு. சிறுவயதில் தொண்டையில் தொற்றும் ஒருவகைக் கிருமியைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருங்கச் செய்துவிடும். குறுகிய வாயிலின் பின்னே குருதி தேங்கி, இடது மேலறை விரிந்து நடுங்கத் தொடங்கும். வால்வின் குறையை நீக்காமல் துடிப்பை மட்டும் சீராக்கினால் அது நிலைப்பதில்லை. இவர்களுக்குப் பக்கவாத இடரும் மிகுதி.

உறைதடுப்பு மருந்துகளில், அடிக்கடி குருதிச் சோதனை வேண்டாத புதிய வகைகள் 2009ஆம் ஆண்டுக்குப் பின் பரவலாயின. அவை வால்வுச் சுருக்கம் உடையோர்க்கும் ஏற்றவையா என ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டோரிடம் ஆராய்ந்தனர். 2022இல் வெளியான முடிவு வியப்பளித்தது. இத்தகையோர்க்குப் பழைய வார்ஃபரின் வகை மருந்தே புதிய ரிவராக்சபானைவிட உயிரிழப்பைக் குறைத்தது. ஆகவே அண்டை வீட்டார் உண்ணும் புதிய மாத்திரை நமக்கும் பொருந்தும் என்று மாற்றிக்கொள்வது தவறு. வார்ஃபரின் உண்போர் 'ஐ.என்.ஆர்.' எனும் குருதிச் சோதனையை உரிய காலத்தில் செய்துகொள்ள வேண்டும். கீரைகளில் உள்ள வைட்டமின் கே இம்மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். அதற்காகக் கீரையை அறவே விலக்க வேண்டுவதில்லை. ஒரு வாரம் முருங்கைக்கீரையை மிகுதியாக உண்டு மறுவாரம் அடியோடு விடுவதைத் தவிர்த்து, எப்பொழுதும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணுதல் நன்று.

மீளாமற் காக்கும் வழிகள்

நோய் மீளாதிருக்க நோயாளரும் குடும்பத்தாரும் செய்யக்கூடியவை பல உள. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் உடற்பருமன் மிக்க 355 நோயாளரைப் பல்லாண்டு கண்காணித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்து நிலைநிறுத்தியவர்கள் நடுக்கமின்றி வாழும் வாய்ப்பு ஆறு மடங்கு பெருகியிருந்தது. எடை ஏறியும் இறங்கியும் இருந்தோர்க்கு அப்பயன் குறைந்தது. அதே நாட்டில், மது அருந்தும் பழக்கமுடைய 140 நோயாளரிடம் நிகழ்த்தி 2020இல் வெளியான ஆய்வில், ஆறு திங்களில் மதுவை விட்ட பிரிவினரில் 53 விழுக்காட்டினர்க்கும், தொடர்ந்த பிரிவினரில் 73 விழுக்காட்டினர்க்கும் நடுக்கம் மீண்டது. குருதியழுத்தத்தையும் சருக்கரையையும் கட்டுக்குள் வைத்தல், அளவான நடைப்பயிற்சி, உரத்த குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் உடையோர் உறக்கச் சோதனை செய்துகொள்ளுதல், தைராய்டுச் சோதனை ஆகியனவும் இன்றியமையாதன. இவையெல்லாம் பெரும் பொருட்செலவு கோருவன அல்ல. ஆனால் விடாமுயற்சியைக் கோருவன.

நாடி பார்க்கும் பழக்கத்தையும் வீட்டில் வளர்க்கலாம். மணிக்கட்டில் பெருவிரலின் அடிப்பக்கத்தில் இரு விரல்களை வைத்து ஒரு நிமிடம் முழுதும் எண்ணுக. எண்ணிக்கையைவிட ஒழுங்கே முதன்மையானது. அடிகளுக்கு இடையேயுள்ள இடைவெளி தாறுமாறாக இருப்பின் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தல் வேண்டும். பேரப்பிள்ளைகள் தம் இல்லத்து முதியோர்க்கு இதனைச் செய்து பழகினால் அதுவே ஒரு நற்பணி. வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்திற்குள்ளேயே தர இயலும். அந்நோயாளர் உண்ணும் மாத்திரைகளின் பட்டியலையும் உடன் கொண்டு செல்லுதல் நலம்.

முடிவுரை

மேலறை நடுக்கம், அறுவையால் நீங்கிவிடும் குடல்வால் அழற்சியைப் போன்றதன்று. மிகைக் குருதியழுத்தத்தையும் நீரிழிவையும் போல, உடனிருந்து கண்காணிக்க வேண்டிய நோய் அது. வேலியில் விழும் இடைவெளியும், மாறிப்போன மேலறையும், களையப்படாத மூலமும் அது மீள்வதற்குக் காரணங்கள். இவற்றுள் முதலாவது மருத்துவரின் கைவன்மையைச் சார்ந்தது. இரண்டாவது, காலந்தாழ்த்தாது சிகிச்சை பெறுவதைச் சார்ந்தது. நோய் கண்ட ஓராண்டிற்குள்ளேயே துடிப்பைச் சீராக்க முற்பட்டோர்க்கு இதயநோய்த் துன்பங்கள் குறைந்தன என்று ஐரோப்பாவில் 2,789 பேரைக் கொண்டு நிகழ்த்தி 2020இல் வெளியான ஆய்வு இதனை வலியுறுத்துகின்றது. மூன்றாவது பெரிதும் நம் கையிலுள்ளது.

மீண்டும் வந்தால் தளர வேண்டா. வராதிருந்தால் மறக்கவும் வேண்டா. துடிப்பு சீரானதற்கு மகிழ்க. அதே வேளையில், எழுதித் தந்த உறைதடுப்பு மாத்திரையை மருத்துவரைக் கேளாது ஒருநாளும் நிறுத்தற்க. இவ்வொரு செய்தி இதனைப் படிப்போர் இல்லங்களில் நிலைபெறுமாயின், பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்வோரின் எண்ணிக்கை சிறிதேனும் குறையும் என்பது திண்ணம்.